சவர் ஏறாத இருபத்துமூன்று கிணறுகள்

பாலேஸ்வரி செத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், ஐயாவும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கனடாவில் இருக்கிற அவவின் தமையன் ரெலிபோனில் கேட்டார். அவ எங்கே படித்தா, என்ன பட்டம் எடுத்தா என்பதைப் படித்த ஆட்கள் எழுதுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்த பாலேஸ்வரியை மட்டும்தான் எனக்குத் தெரியும். அது ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்காவிட்டாலும் வெட்டவேண்டாம் என்று அச்சடிக்கிறவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் எழுத இருக்கிறேன்.

முதலில் என்னைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இறங்கி 'வைண்டிங் நாகேந்திரம்' என்று யாரிடமும் கேளுங்கள், கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். பதின்மூன்று வயதில் உடுத்த சாரத்தோடு கோட்டை ஸ்ரேசனில் இறங்கினவன் நான். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கழற்றி, கருகின செப்புக் கம்பியை உருவி, புதுக்கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலையை மற்றவன் செய்யப் பார்த்தே பழகினேன். ஒருவனும் சொல்லித் தரவில்லை. இருபத்தைந்து வயதில் சொந்தக் கடை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொளுத்தினார்கள். எண்பத்துநாலில் அதே இடத்தில் அதே பெயர்ப்பலகை. எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று இருநூறு மோட்டாரின் விபரம் என் தலைக்குள் இருந்தது. கொப்பியில் ஒரு வரி எழுதி வைத்ததில்லை. வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் மேல்மாடி வீடு கட்டினேன். கொழும்பில் எத்தனை சுற்றிவளைப்பு, எத்தனை சோதனை நடந்திருக்கும்? என் வீட்டிலிருந்து ஓர் ஆளை ஒருநாளும் கொண்டுபோகவில்லை. அது என் கெட்டித்தனம் என்று நான் சொல்லாத ஆளில்லை.

சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டின அடுத்த மாதம், 2006 புரட்டாதியில், பாலேஸ்வரி மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தா. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது, மெலிந்த தேகம், தடித்த கண்ணாடி, கலியாணம் கட்டவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி. கொண்டுவந்த சாமான் இரண்டு கொம்பியூட்டர், ஒரு தகரப் பெட்டி நிறையக் கொப்பிகள், பிறகு ஒரு சயிக்கிள் சில்லு. முன்சில்லு மட்டும். கம்பி ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இதென்ன பிள்ளை, மிச்சச் சயிக்கிள் எங்க?"

"மிச்சம் கிளிநொச்சியில நிக்குது ஐயா. இது சயிக்கிள் இல்லை, என்ர அளவுகோல்."

சமாதானம் என்று இருந்த அந்த நாலு வருடமும் அவ வன்னியில் கிணறு கிணறாகத் திரிந்திருக்கிறா. இடம் காட்டுகிற கருவியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக விடவில்லை. அதனால் வரைபடத்தில் இருக்கிற மதகு, கோயில், மாதா கோயில் என்று ஒன்றிலிருந்து புறப்பட்டு, சிவப்புத் துணி எத்தனை தரம் கீழே வருகிறது என்று எண்ணிக்கொண்டே சயிக்கிளை உருட்டிக் கிணற்றடிக்குப் போவாவாம். அங்கே ஈயக்குண்டு கட்டின நூலை விட்டு ஆழம் பார்ப்பா. சின்ன மீற்றர் ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்து உப்பு எவ்வளவு என்று பார்ப்பா. வளவுக்காரரின் பெயர், மண், ஆழம், உப்பு, எல்லாம் கொப்பியில் ஏறும். நானூற்றிப் பன்னிரண்டு கிணறு.

"நானூற்றிப் பன்னிரண்டு தேத்தண்ணி எண்டும் சொல்லலாம் ஐயா. ஒரு வீட்டிலயும் குடியாமல் விடேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சாலே மீற்றர் தேவையில்லை, உப்புத் தெரிஞ்சிடும்."

என் மனுசி பிறிஜெற் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வேதக்காரி. அவளுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்துப்போயிற்று. "மகள், நம்ம தேத்தண்ணியில என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று தினமும் ஒரு கோப்பையைக் கொண்டு மேலே ஏறுவாள். நானும் பின்னால் போவேன். சுவர் முழுக்க வன்னிக் கரையின் வரைபடம். அதில் நானூற்றிப் பன்னிரண்டு புள்ளி.

"கொம்பியூட்டருக்குள்ள ஒரு நிலம் செய்து வச்சிருக்கிறன் ஐயா. அதைச் சின்னச் சின்னச் சதுரமா வெட்டியிருக்கு. ஒவ்வொரு சதுரத்துக்கும் மண் என்ன, மழை எவ்வளவு, நல்ல தண்ணி எத்தினை அடி, அதுக்குக் கீழ உப்புத்தண்ணி எதில தொடங்குது எல்லாம் குடுத்திருக்கு. ஒரு சதுரத்தில அள்ள அள்ளப் பக்கத்துச் சதுரம் தன்ர தண்ணியைக் குடுக்கும். அதுவும் முடிய, கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். எத்தினை சனம் அள்ளினா எத்தினையாம் நாள் கிணறு சவராகும் எண்டு இது சொல்லும்."

"இதுக்கு ஒரு மெசினோ? மோட்டார் இழுக்கிற சத்தத்தைக் கேட்டு நான் சொல்லுவன், கிணத்தில எத்தினை அடி தண்ணி கிடக்கெண்டு."

"உங்கட மோட்டார்தான் ஐயா உப்பை மேல இழுக்கிறது. வாளியால அள்ளினாக் கிணறு தாங்கும். ரெண்டு குதிரை மோட்டாரை வச்சு உறிஞ்சினா எப்பிடித் தாங்கும்?"

"அப்பிடிச் சொல்லுங்க மகள்," என்றாள் பிறிஜெற். "இவர் சுத்தின மோட்டாரையெல்லாம் சேத்து வச்சா இந்தியாவுக்கு நடந்து போகலாம். கடல் வத்தியிருக்கும்."

நானும் சும்மா விடவில்லை. எந்த மோட்டார் மணிக்கு எத்தனை கலன் இழுக்கும், எந்தப் பக்கத்துக்கு எந்த மோட்டார் கூடப் போனது என்று தலைக்குள் இருந்ததை எடுத்து விட்டேன். அவ ஒவ்வொன்றாகத் தட்டிக் கொம்பியூட்டருக்குள் போட்டா. அன்றைக்குத் தலைமயிர் வெட்டப் போன இடத்தில், பல்கலைக்கழக ஆராய்ச்சியில் நானும் ஒரு பங்கு என்று சொன்னேன். இப்போதும் சொல்வேன், அது பொய்யில்லை.

பொய் வேறு இடத்தில் இருந்தது.

அந்த நாட்களில் கொழும்பில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருக்கிறவர்களின் விபரத்தைப் படிவத்தில் எழுதிப் பொலிசில் கொடுக்கவேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், தொழில். பஸ் பலகையையும் கடைப் பலகையையும் பார்த்துச் சிங்களம் எழுதப் பழகினவன் நான். மற்றவர்கள் படிவம் நிரப்ப ஆளைத் தேடித் திரிய, நான் ஒழுங்கைக்கே எழுதிக் கொடுத்தேன். பாலேஸ்வரிக்கு எழுதும்போது தொழில் என்ற இடத்தில் பேனை நின்றது. தமிழ்ப் பிள்ளை, வன்னி, வரைபடம். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத நான் என்ன விசரனோ? 'தையல் ரீச்சர்' என்று எழுதினேன். கீழே ஹோலில் பிறிஜெற்றின் தையல் மெசினும் இருந்தது, கேட்டாலும் காட்டலாம்.

"என்னெண்டு போட்டனீங்கள் ஐயா?" என்று அவ கேட்டா.

"எல்லாம் சரியாப் போட்டிருக்கு. நீர் உம்மட கிணத்தைப் பாரும்."

அவவிடம் வரைபடம் வைத்திருக்க அனுமதிக் கடிதம் முத்திரையோடு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் இல்லை.

2008 ஆனியில் சண்டை நெருங்க, மன்னார்ப் பக்கத்துச் சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. பிறகு அதற்கு அடுத்த ஊர், அதற்கும் அடுத்த ஊர். பாலேஸ்வரி ரேடியோவைக் கேட்டும், தெரிந்தவர்களோடு ரெலிபோனில் கதைத்தும், சனம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று கொம்பியூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டா. ஒருதரம் போட்டால் மெசின் இரண்டு நாள் உறுமும். பிறகு சதுரங்கள் ஒன்றொன்றாகச் சிவக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இனிப்பான கிணறுகள்தான் முதலில் சிவந்தன.

"மணலுக்குள்ள நல்ல தண்ணி மெல்லிய படையாத்தான் கிடக்கு ஐயா. இளநி மாதிரி இருக்கும். சனம் முழுக்க அங்கதான் போகும். அதுதான் கெதியா முடியும். இந்தா, இதுகளைப் பாருங்கோ. கீழ களிமண். தண்ணி கொஞ்சம் கைக்கும், ஒருதரும் விரும்பாயினம். ஆனால் எவ்வளவு அள்ளினாலும் சவர் ஏறாது."

அப்படி நின்றுபிடிக்கக் கூடியவை இருபத்துமூன்று கிணறு. வன்னியில் வேலை செய்த தொண்டு நிறுவனம் ஒன்றின் கொழும்பு அலுவலகத்தில் நஸீறா என்று ஒரு பிள்ளை. அவ பாலேஸ்வரியிடம் கேட்டிருந்தா: எந்தக் கிணறு, எத்தனை குடும்பம் என்று எழுதித் தாருங்கள், அங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் பலகை நட்டுச் சனத்தைப் பிரித்து அனுப்புவார்கள். ஆவணி மாதக் கடைசித் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறதாக ஏற்பாடு.

"இந்தப் பட்டியல் போய்ச் சேந்தாக் காணும் ஐயா," என்றா அவ. "மற்ற ஆராய்ச்சியெல்லாம் கிடந்து உக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒழுங்கையை மறித்தார்கள். பிறிஜெற் பூசைக்குப் போயிருந்தாள். நான் பயப்படவில்லை. கதவைத் திறந்துவிட்டு, வந்த அதிகாரிக்குக் கதிரையும் போட்டேன். அவர் மரியாதையான மனுசன். கையில் என் படிவத்தின் பிரதி. மேலே யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மஹன டீச்சர் கெனெக், மாத்தயா," என்றேன். தையல் ரீச்சர் ஒருத்தி, ஐயா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவர்கள் மேலே போனார்கள். நான் படிக்கட்டின் பாதியில் நின்றேன். பாலேஸ்வரியும் பதறவில்லை. கோவையை எடுத்து நீட்டினா. பல்கலைக்கழகக் கடிதம், அனுமதி, முத்திரை, எல்லாம். அதிகாரி கடைசி வரி மட்டும் வாசித்தார். "ஹரி, மிஸ்" என்றார். சரி என்று கோவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இறங்குவதற்குப் படியில் ஒரு காலும் வைத்துவிட்டார். அப்போதுதான் கையில் இருந்த படிவத்தை இன்னொருதரம் பார்த்தார். என்னை மேலே கூப்பிட்டார்.

"கடிதத்தில் ஆராய்ச்சி. இதில் தையல். இரண்டில் எது பொய்?"

'நான்தான் பயத்தில் அப்படி எழுதினேன்' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிங்களம் வராததா? நன்றாக வரும். நான் சொன்னது வேறு.

"எனக்குத் தெரியாது மாத்தயா. அவ எனக்கு அப்படித்தான் சொன்னவ."

பாலேஸ்வரிக்கு என்னைவிடத் திறமான சிங்களம். ஒரு சொல் தவறாமல் விளங்கியிருக்கும். என்னைப் பார்த்தா. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மெசினில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு விடை வரும்வரை பார்த்துக்கொண்டு இருப்பாவே, அந்தப் பார்வை. பிறகு கண்ணாடிக் கூட்டை எடுக்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டா. எடுத்துக்கொண்டு இறங்கினா. கொம்பியூட்டர் இரண்டும், தகரப் பெட்டியும், சுவரில் இருந்த வரைபடமும், சில்லும் ஜீப்பில் ஏறின. பட்டியல் அந்தக் கொம்பியூட்டருக்குள்ளேதான் இருந்தது.

பூசை முடிந்து வந்த பிறிஜெற், "மகள் எங்க?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த செபமாலையை மேசையில் வைத்தாள்.

"நாப்பது வருசமா என் வாய்தான் இந்த வீட்டைக் காப்பாத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க," என்றாள். "நல்லாக் காப்பாத்திட்டீங்க." அதற்குப் பிறகு எத்தனை நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை என்று நான் எண்ணவில்லை.

கோடுகள் இருக்கிற புதுக்கடை நீதிமன்றத்தடியில் மஹ்ரூப் என்ற சட்டத்தரணியைப் பிடித்தேன். அந்த மனுசன் என் கதையைக் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்துக்கு முதலாளி இப்படிச் செஞ்சீங்க? பொய் எழுதினது ஒண்டு. அதுக்கு மேல இன்னொரு பொய்யச் சொல்லி அந்தப் புள்ளைட தலையில வச்சிட்டீங்களே. அந்தப் படிவம் நீங்களா எழுதினதுன்னு ஒரு சத்தியக் கடதாசி தாங்க. கேஸ் பாதி கழண்டிடும்."

தருகிறேன் என்றேன். அடுத்த தவணைக்குத் தருகிறேன் என்றேன். அந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைத்தது சண்டை முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவவை வைத்திருந்த இடத்தில் சனிக்கிழமை மட்டும், பத்து நிமிடம் பார்க்கலாம். மூன்றாம் சனிதான் என்னை விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மெலிந்துபோய் வந்து நின்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகிறதுக்கு நேரமில்லை ஐயா. பத்து நிமிசந்தான் இருக்கு."

"ஏன் பிள்ளை அண்டைக்கு நான் சொன்னது பொய்யெண்டு நீர் சொல்லேல்லை?"

"சொன்னா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பாங்கள். பிறகு பட்டியலை ஆர் கொண்டுபோறது?" என்றா. "இருநூறு மோட்டாரைத் தலைக்குள்ள வச்சிருந்தனான் எண்டு பெருமை அடிப்பியள். இருபத்துமூண்டு கிணறு வச்சிருப்பியளோ?"

சொல்லத் தொடங்கினா. மெதுவாக, வீட்டுக் கதை கதைக்கிறது போல. பள்ளிக்கூடத்துக் கிணறு நானூறு குடும்பம். செல்லையா வளவு நூற்றிநாற்பது. கோயில் பின்வளவு தொண்ணூறு, மோட்டார் வைக்கக்கூடாது. காவல் நின்ற பெண் உறவுக்காரரைப்பற்றி விசாரிக்கிறோம் என்று நினைத்திருப்பா. ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல, அவ தலையாட்டினா. பதினொரு கிணறு முடிய, நேரம் போச்சு என்று மணி அடித்துவிட்டது. அவ வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தா, காவல்காரப் பெண் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பதினொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினொன்றும் கல்லில் வெட்டினது போல இருந்தன. திங்கட்கிழமை நஸீறாவின் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அரைவாசி சுற்றின மோட்டாரை என் கடையிலிருந்து ஒருநாளும் வெளியே கொடுத்ததில்லை. கொடுத்தால் முழுவேலையாகத்தான் கொடுப்பேன், அதுதான் நாகேந்திரம். இன்னும் பன்னிரண்டு கிணறு வரட்டும், இருபத்துமூன்றையும் சேர்த்துத் திறமாகக் கொடுப்போம் என்று இருந்தேன்.

அடுத்த சனி மிச்சம் பன்னிரண்டையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டா: "முதல் பதினொண்டுக்கும் என்ன சொன்னவை?"

"முழுசாக் குடுப்பம் எண்டு..."

"குடுக்கேல்லையோ?"

அவ இரண்டு கையாலும் கம்பி வலையைப் பிடித்தா.

"ஐயோ ஐயா," என்றா. அவ்வளவுதான். ஜீப்பில் ஏறும்போதுகூட அந்தச் சொல் அவவின் வாயிலிருந்து வரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கமுன் வாசலில் நின்றேன். நஸீறா என்னை இருத்தி, நான் சொல்லச் சொல்ல இருபத்துமூன்றையும் எழுதினா. ஒரு எண்கூட நான் தடுமாறவில்லை. எழுதி முடித்துப் பேனையை மூடினா.

"ஐயா, வன்னியில இருக்கிற நிறுவனமெல்லாம் வெளியேறணும்னு வந்திடுச்சே, தெரியாதா? எங்கட ஆக்கள் போன செவ்வாய்க்கிழமையே வெளிக்கிட்டாச்சு."

"முந்தின திங்கள் வந்திருந்தா?"

அவ பட்டியலை மடித்தா, திரும்ப விரித்தா.

"அன்னைக்குப் பின்னேரம் வரைக்கும் அவங்களோட கதைக்கக்கூடியதா இருந்திச்சு," என்றா.

பாலேஸ்வரியை 2009 ஐப்பசியில் விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று புதுக்கடையில் ஒரு காலைப்பொழுதில் சொல்லி முடித்தார்கள். வெளியே வந்தவவுக்குப் போக இடமில்லை. உள்ளே இருந்துவிட்டு வந்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்த நேரம் யார் வீடு கொடுப்பான்? பிறிஜெற் போய்க் கையைப் பிடித்து எங்கள் மேல்மாடிக்கே கூட்டிவந்தாள். சாமான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு முத்திரை வைத்துத் திருப்பித் தந்தார்கள். ஒரு கொப்பி குறையவில்லை. கொம்பியூட்டர் இரண்டும் வேலை செய்தன. அவ அதைப் போட்டுப் பார்த்துவிட்டு நிற்பாட்டினா. என்னை முந்திப்போல ஐயா என்றே கூப்பிட்டா. தேத்தண்ணி கொண்டுபோனால் வாங்கிக் குடித்தா. ஒரு நாளாவது ஏசியிருக்கலாம்.

அடுத்த ஆடி மாதம் சிவமணி என்று ஓர் அம்மா வந்தா. ஐம்பது வயது இருக்கும், ஆள் எழுபது போல. அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு, மகனின் கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்கு வந்த இடத்தில், கிணறு அளந்த ரீச்சர் வெள்ளவத்தையில் இருக்கிறா என்று யாரோ சொல்ல, விசாரித்து வந்திருக்கிறா. நானூற்றிப் பன்னிரண்டில் ஒரு கிணறு அவவின் வளவில். பாலேஸ்வரி கீழே ஓடிவந்து அவவின் கையைப் பிடித்தா. சிறைக்குள் போய் வந்தபிறகு பாலேஸ்வரியின் முகத்தில் சிரிப்பை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"உங்கட சில்லு எங்க பிள்ளை? என்ர பெட்டையள் நீங்கள் போனாப் பிறகும் சிவப்புத் துணி கட்டி உருட்டிக்கொண்டு திரிஞ்சவளவை," என்றா சிவமணி.

"மேல இருக்கு அம்மா. உங்கட கிணறு எப்பிடி?"

"கிணறோ? இளநித் தண்ணியெல்லே. சனம் முழுக்க எங்கட வளவுக்குத்தான் வந்தது. ஒரு நூற்றைம்பது குடும்பம் இருக்கும். வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒன்பதாம் நாள் வாயில வைக்க ஏலாது, சவர். எண்டாலும் குடிச்சதுதான். வேற எங்க போறது? சின்னவளுக்கு வயித்தாலடி. மூண்டு நாள்."

மூன்று நாளுக்குப் பிறகு என்ன என்று அவ சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறிஜெற் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"அங்கால, கால் மைலில, பள்ளிக்கூடத்துக் கிணறு இருந்ததெல்லே அம்மா," என்றா பாலேஸ்வரி.

"அதுவோ? அது கைக்குமெண்டு ஒருதரும் போறேல்லை. ஏன், அது நல்லதோ?"

நானூறு குடும்பம். என்னைப் பார்க்க விட்ட முதல் சனிக்கிழமை அவ முதலாவதாகச் சொன்ன கிணறு. என் தலைக்குள் அது இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"அது சவராகாது அம்மா. சின்ன ஆக்களுக்கு அந்தத் தண்ணிதான் குடுத்திருக்கோணும்."

சிவமணி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவவின் முகத்தையே பார்த்தா. கோபமில்லை. நம்பமுடியாமல் பார்க்கிற பார்வை.

"உங்களுக்கு அது தெரியுமோ பிள்ளை? தெரிஞ்சிருந்தா ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என் வாய்க்கு எழுபது வருடப் பழக்கம். எந்த இடத்திலும் முந்திக்கொண்டு கதைக்கிற வாய். அது திறக்கவில்லை. பாலேஸ்வரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான் அம்மா," என்றா. "பிந்திப்போச்சு. என்ர பிழை."

பிறகு எழும்பி மேலே போனா. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சிவமணி மேலே போய் அவவோடு கொஞ்சநேரம் கதைத்திருந்துவிட்டு இறங்கி, போக வெளிக்கிடும்போது நான் வாசல்மட்டும் கூடப் போனேன். இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். படலையடியில் அவ நின்று இரண்டு கையையும் கூப்பினா.

"பிள்ளை எல்லாம் சொன்னவ ஐயா. உள்ளுக்கு இருக்கேக்க ஒவ்வொரு சனியும் வந்து பாத்தது நீங்கள்தானாம். வெளியில வந்தாப் பிறகும் இடம் குடுத்து வச்சிருக்கிறியள். இந்தக் காலத்தில ஆர் ஐயா இப்பிடிச் செய்யினம்? கடவுள் மாதிரி மனுசர் நீங்கள்."

"அதெல்லாம் பெரிய காரியமில்லை அம்மா," என்றேன்.